தலைகீழாய் நட்ட முருங்கைக் கம்பு

இப்போது பள்ளிக்கூடங்களில் சுற்றாடல் கழகம் என்கிறார்கள். வெள்ளவத்தையில் என் மகளின் வீட்டுக்கு எதிரே உள்ள பள்ளியில் மாதம் ஒரு தடவை அது கூடும். ஒலிபெருக்கியில் பிள்ளைகள் பேசுவது எங்கள் பல்கனி வரைக்கும் கேட்கும். கொட்டாஞ்சேனையில் நான் படித்த கன்னியர் பள்ளியில் அதற்குத் தோட்டச் சங்கம் என்று பெயர். ஒலிபெருக்கி கிடையாது. சிஸ்டரின் குரலே போதும்.

ஐந்தாம் வகுப்பில் ஆளுக்கொரு கன்று கொண்டுவந்து நட்டு வளர்க்க வேண்டும். இரத்மலானையில் வேலை செய்த சின்ன மாமா எனக்கொரு முருங்கைக் கம்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று இரண்டு முனையையும் ஒரே மாதிரிச் சீவியிருந்தார். எந்த முனை மண்ணுக்குள் போக வேண்டும் என்றும் சொன்னார்தான். பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு அது மறந்துபோயிற்று. சிஸ்டரிடம் கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டுமே! கண்ணை மூடிக்கொண்டு ஒரு முனையை ஊன்றிவிட்டேன்.

கம்பு சாகவில்லை, துளிர்த்தது. ஆனால் துளிரெல்லாம் முதலில் கீழே பார்த்து வந்து, பிறகு யோசித்துத் திரும்பியதுபோல மேலே வளைந்தன.

மார்கழி விடுமுறைக்கு முன்னால் சங்கம் கூடியது. அந்த வருடம் நட்டதில் எது பிழைத்தது, அடுத்த வருடம் என்ன செய்யலாம் என்று பார்க்கிற கூட்டம். கத்தரி நன்றாக வந்திருந்தது. மிளகாய்க் கன்றுகளைக் காகம் பிடுங்கிப்போட்டிருந்தது. என் கம்புக்கு முன்னால் வந்ததும் சிஸ்டர் குனிந்து பார்த்தார்.

"மகள், இத தலைகீழா நட்டிருக்கிறீங்க."

"சிஸ்டர், அப்ப முருங்கைக்காய் மண்ணுக்குள்ளயா காய்க்கும்?" என்றாள் எங்கள் வகுப்பு வாயாடி.

"ஓம், மரவள்ளி மாதிரி தோண்டித்தான் எடுக்கோணும்," என்றாள் இன்னொருத்தி. சிஸ்டரே சிரித்துவிட்டார். நான் கவுன் பட்டியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

பிறகு அடுத்த வருடத்து வேலைகள். உரக்குழி வெட்டுவது, கை கழுவுகிற தண்ணீரை வாய்க்கால் கட்டி வாழைக்கு விடுவது என்று ஆறாம் வகுப்புக்குப் போகிறவர்களுக்கு ஆளுக்கொன்று. எனக்குத் தண்ணீர் ஊற்றுகிற பூவாளி வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். இடைவேளையில் பூவாளியோடு தோட்டத்துக்குள் போய்விட்டால் யாரோடும் கதைக்கத் தேவையில்லை. அந்த வருடம் முழுவதும் இரவு செபத்தில் நான் மாதாவிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

பூவாளி, கத்தரி நட்டவளுக்குப் போனது. உரக்குழியும் வாய்க்காலும் வேலியும் ஒவ்வொருத்தியிடம் போய் முடிந்தன. எனக்கு ஒன்றுமில்லை.

"சிஸ்டர், இவள விட்டுட்டீங்க," என்றாள் அதே வாயாடி.

"பார்ப்போம் பிள்ளை," என்று சொல்லிவிட்டுச் சிஸ்டர் என் தலையைத் தடவினார். அவர் யாருடைய தலையையும் தடவுகிறவர் அல்ல. கம்பைத் தலைகீழாக நட்டதற்குத் தண்டனையும் கொடுத்துவிட்டு, பாவம் என்று தடவுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அதற்கு முந்திய கிழமையே அம்மா கன்னியர் மடத்துக்குப் போய்ச் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். தேயிலை ஸ்டோரில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டும். தை மாதத்திலிருந்து நான் பள்ளிக்கு வரமாட்டேன். இதெல்லாம் விடுமுறை முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

விடுமுறையில் மாமாவை நச்சரித்து இன்னும் கம்புகள் கொண்டுவரச் செய்தேன். இலை உதிர்ந்த தழும்பை வைத்து மேல் எது, கீழ் எது என்று பார்க்க அவர் காட்டித் தந்தார். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே பால்மா டின்களில் மண் நிரப்பி, வீட்டுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக நட்டேன். சட்டி கழுவ வந்த அம்மா நின்று பார்த்தார்.

"எதுக்கு மகள் இவ்வளவு கம்பு?"

"தையில சிஸ்டர் கேட்டா சரியா நட்டுக் காட்டத்தான்."

அம்மா தம்பியை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டார். அன்று பின்னேரம் முழுக்க அவனைத் தானே வைத்திருந்தார். என்னிடம் ஒரு வேலையும் சொல்லவில்லை. முருங்கை நடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அம்மாவுக்கும் விளங்கிவிட்டதென்று எனக்கு ஒரே சந்தோஷம்.