மிட்டாய்த் தூணுக்குள் இரும்பு

சுள்ளிக்கு வாய்க்கு முன்னால் கை நீளும். மிட்டாய் கம்பெனியில் காகிதம் சுற்றும் வேலையில் இருந்தபோது, பின்னால் வந்து இடுப்பைக் கிள்ளிய மேஸ்திரியின் மூக்கைத் தகரத் தட்டால் உடைத்தவள் அவள். அன்றோடு வேலை போயிற்று. ரத்தம் தெறித்த சட்டையோடு வந்து நின்றவளை அக்காள் குழாயடிக்கு இழுத்துப்போய், திட்டித் தீர்த்தபடியே கையைக் கழுவிவிட்டாள். திட்டு அக்கம்பக்கத்தார் காதுக்காக. உள்ளுக்குள் அக்காளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

காகிதத்தின் இரண்டு முனையையும் ஒரே சுண்டில் முறுக்கிப் பழகிய விரல்கள் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுப் பிறந்தநாளுக்கு மிட்டாய்ச் சரம் கட்டினாள். அதைப் பார்த்தவர்கள் கடைத் திறப்புக்குக் கூப்பிட்டார்கள். கடைசியில் ஒரு மணப்பெண்ணே வீடு தேடி வந்து, தன் கல்யாண மேடை முழுக்க மிட்டாயாகவே இருக்க வேண்டும் என்றாள். இது மட்டும் நன்றாக அமைந்துவிட்டால் இனி யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று சுள்ளி அக்காளிடம் சொன்னாள்.

நூலை ஒரே அளவாக வெட்டுவதும், நிறம் பிரித்துக் கொடுப்பதும் அக்காள் வேலை. ஒரு சரம் விரற்கடை நீண்டாலும் அவிழ்த்துவிடுவாள். மேடைக்கு முன்னால் இரண்டு தூண், நடுவே கயிறு, கயிற்றிலிருந்து மிட்டாய்த் திரை. தூணுக்கு அட்டைக் குழாய்தான் வழக்கம். கட்டிப் பார்த்தபோது பாரம் தாங்காமல் அட்டை வளைந்தது. சுள்ளி பழைய தண்ணீர்க் குழாய் இரண்டை வாங்கிவந்து உள்ளே செருகி, மேலே சிவப்பும் வெள்ளையுமாகத் துணி நாடா சுற்றி, மணல் நிரப்பிய டின்களில் நட்டாள். தொட்டுப் பார்த்தாலும் பொம்மை மிட்டாய்க் குச்சி என்றுதான் தோன்றும். உள்ளே இரும்பு இருப்பது அக்காளையும் தங்கையையும் தவிர ஒருவருக்கும் தெரியாது.

கல்யாணத்தன்று சண்டை விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் சரத்தைப் பிய்த்துப் பெண் வீட்டார் மேல் மிட்டாயை வீசினார்கள். பதிலுக்கு அவர்களும் வீசினார்கள். கல் போன்ற ஒரு மிட்டாய் பெண்ணின் அண்ணன் கண்ணைத் தாக்கியது. வீசியவனை அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, முகத்தை மேசை விளிம்பில் மோதினான். பல் ஒன்று மிட்டாய்களோடு உருண்டது. அதற்குப் பிறகு யார் யாரை அடிக்கிறார்கள் என்பதற்குக் கணக்கில்லை. நாற்காலிகள் பறந்தன. திரை மொத்தமாக அறுந்து விழ, கயிறு இழுத்த இழுப்பில் ஒரு தூண் டின்னை விட்டுப் பெயர்ந்து சாய்ந்தது.

அதை மாப்பிள்ளையின் சித்தப்பா எடுத்தார். ஆள் மலை மாதிரி; கனம் அவருக்கு உறைக்கவில்லை. இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஓங்கினார்.

பெண்ணின் அண்ணன் நகரவில்லை. வீங்கிய கண்ணோடு சிரித்தான். "மிட்டாயால அடிக்கப் போறியாக்கும்? அடி, இனிக்கட்டும்" என்று தலையைக் குனிந்து காட்டினான்.

உள்ளே இரும்பு என்று கத்த அக்காள் வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற சுள்ளியைக் காணோம். அவள் ஆட்களுக்குள் புகுந்து பெண்ணின் அண்ணனைத் தோளால் இடித்துத் தள்ளி, வலக்கையைக் குறுக்கே நீட்டியிருந்தாள். பச்சைக் கொம்பு முறிவது போல ஒரு சத்தம்.

கூடம் அடங்கியது. நாடா கிழிந்த இடத்தில் துருப்பிடித்த இரும்பு தெரிந்தது. சித்தப்பா அதைப் பார்த்தார், கீழே விழுந்து கிடந்தவனின் தலையைப் பார்த்தார். தூணைத் தரையில் மெல்ல வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முழங்கைக்குக் கீழே கை வேறு திசையில் தொங்க, சுள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு, "யாரும் ஓடாதீங்க, மிட்டாய் காலை வாரிவிடும்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று எழுதிக்கொள்ள போலீஸ்காரர் ஒருவர் வந்தார். வராந்தாவில் சித்தப்பா சுவரோடு சுவராக நின்றார். அக்காள் அவரை நோக்கி விரலை நீட்டிவிட்டாள். சுள்ளி இடக்கையால் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"உள்ள இரும்பு வெச்சது நான்தான்னும் சேர்த்துச் சொல்லுக்கா."

"உன்னை யாருடி கேட்டா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. அதான் சொல்லுங்குறேன்."

"அப்புறம் எவ உன்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவா?"

"அவன் தலை மேல விழுந்திருந்தா?"

அக்காள் நீட்டிய விரலை மடக்கினாள். எழுத வந்தவர் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். மேஸ்திரி மூக்கு உடைந்த அன்றுகூட இவள் தான் அடித்ததை மறைக்கவில்லையே என்று அக்காளுக்குத் தோன்றியது. நூல் அளப்பது போல, கூட்டாமல் குறைக்காமல் முதலிலிருந்து சொன்னாள். அடித்தவர் யார் என்று சொன்னாள். பிறகு, ஒரு மூச்சு விட்டுவிட்டு, இரும்பைச் செருகியது தன் தங்கை, அதற்குத் தூணைப் பிடித்துக்கொடுத்தது தான் என்றாள்.