கொப்புளமும் எஸ்பியர்க் ஜெபக்குழுவும்

காலை ஓல்போர்க் நகரப் பஸ்ஸில் போகும்போது கணவருடைய தோல் பரிசோதனை முடிவு, அவருக்காக நான் பார்க்கும் மருத்துவக் கணக்கு வழியாக, என் போனில் வந்தது. இந்த டென்மார்க்கில் டொக்டர் கூப்பிட முன்னமே முடிவு வந்துவிடும். அவர் கூப்பிடும்வரை தவிப்பது நம் பாடு.

திரும்பத் திரும்ப வாசித்தேன். டேனிஷ் விளங்கியது, விஷயம் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த மகள் உயிரியல் படிக்கிறாள். போனை வாங்கிப் பார்த்து டேனிஷில் விளக்கத் தொடங்கினாள்.

"தமிழில சொல்லு பிள்ளை."

"தோல்ல கலங்கள், அதான் செல்லுகள், ஒண்டையொண்டு இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருக்கும், அம்மா. அப்பான்ர உடம்பே அந்தப் பிடியை அறுக்குது. அதாலதான் கொப்புளம்."

"மாறுமோ?"

"மருந்து இருக்கு. டொக்டர் கோல் எடுக்கட்டும், பொறுங்கோ."

பொறுக்க முடியவில்லை. விபோர்க்கில் இருக்கும் தங்கச்சிக்கு மட்டும் எழுதினேன். "ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றும் சேர்த்தேன்.

அவள் யாருக்குச் சொன்னாளோ, பஸ்ஸால் இறங்க முன்னமே தூரத்து எஸ்பியர்க் நகரத் தமிழ் ஜெபக்குழு அழைத்தது. "அக்கா, அண்ணைக்காக உபவாசம் தொடங்கிட்டம்."

அடுத்த அழைப்பு, தொழிற்சாலையிலிருந்து கணவர். "எனக்கு என்னப்பா வருத்தம், என்ன நோய்? எஸ்பியர்க்கில இருந்து ஆரோ ஆறுதல் சொல்லுகினம்."

டொக்டர் இன்னும் கூப்பிடவில்லை. மறைக்க இனி ஒன்றுமில்லை என்பதால் இங்கே முகநூலிலும் எழுதுகிறேன். தோல் விட்ட பிடியையும் சேர்த்து எங்கள் ஆட்கள் பிடித்திருக்கிறார்கள். இந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்த மருந்து தெரிந்தால் சொல்லுங்கள்.