துரை ஒன்றுக்குப் போகும் இடம்

டைலர் அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்தரிக்கோல்கூடத் தள்ளித்தான் உட்காரும். அப்படிப்பட்டவளை ஒரு பூனை அழவைத்தது. அவளிடம் காஜா எடுக்கவும் பட்டன் கட்டவும் போகிறவள் நான், எல்லாவற்றையும் கூடவே இருந்து பார்த்தேன்.

பூனையின் பெயர் துரை. மகள் கல்யாணமாகிப் போன பிறகு அக்காவுக்கு அதுதான் பேச்சுத்துணை. மாப்பிள்ளையைப் பற்றி என்னிடம் சொல்லாததையெல்லாம் அதனிடம் சொல்லுவாள். தைத்துக்கொண்டே ஒரு கண் வைத்துக்கொள்ளலாம் என்று, அது ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகிற மணல் தட்டை மிஷின் காலடியிலேயே வைத்திருந்தாள். துரையும் ஒழுங்காகத்தான் அங்கே போய்க்கொண்டிருந்தது.

பெடல் மிதித்து மிதித்து முட்டி தேய்ந்துபோனதால் அக்கா மிஷினுக்கு மோட்டார் மாட்டினாள். கொஞ்ச நாளில் துரைக்குப் புத்தி கெட்டது. வாடிக்கையாளர் துணியாகப் பார்த்து ஒன்றுக்குப் போக ஆரம்பித்தது. அந்த நாற்றம் லேசில் போகிற ரகமில்லை. துவைத்தால் போனதுபோல் நடிக்கும், இஸ்திரிப் பெட்டி பட்டதும் எழுந்து உட்காரும். வினிகர் ஊற்றினாள், சோடா உப்புத் தூவினாள், மணலை மாற்றினாள். டாக்டரிடமும் தூக்கிக்கொண்டு ஓடினாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, எதற்கோ பயப்படுகிறது என்றார் அவர்.

"பயமா? இவனுக்கா? என்னைப் பழிவாங்குறான் டாக்டர்!"

கடைசியில் பள்ளிக்கூடச் சீருடை மூட்டையிலும் கைவரிசையைக் காட்டியது. நான் போனபோது ஈரத்துணியை மடியில் போட்டுக்கொண்டு அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே என்னால முடியாதுடி. இந்த ஆர்டர் போச்சுன்னா சோத்துக்கு என்ன செய்வேன்? தம்பியை வரச் சொல்லிட்டேன். மீன் மார்க்கெட்ல விட்டுடட்டும்." துரை கேட்டுவிடுமோ என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

நாளைக்குக் கொடுக்க வேண்டிய சீருடைகள். நாறியதற்குப் பதிலாக வேறு துணி வெட்டி மறுபடி தைத்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் கரண்ட் போனது. மோட்டார் நின்று வீடு அமைதியானதும், கட்டிலுக்கு அடியிலிருந்து துரை வெளியே வந்தது. நேராக மணல் தட்டுக்குப் போய், வேலையை முடித்து, அழகாக மூடியும் வைத்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அக்காவின் கால் பெடலிலேயே இருந்தது. கரண்ட் வந்ததும் மோட்டார் உறுமியது. துரை அலறியடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் பாய்ந்தது.

"அடப்பாவி, இதுக்கா பயந்தே?" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பழிவாங்குறான்னு ஊரெல்லாம் சொன்னேனே!"

உடனே தட்டைக் கழுவி, புது மணல் போட்டு, அவள் படுக்கும் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதற்குள் தம்பி கூடையோடு வந்து நின்றான்.

"கட்டிலுக்கு அடியிலயா? நாறுமேக்கா."

"நாறட்டும். என் மூக்குதானே."

"அங்கேயும் போகலைன்னா?"

அக்கா, அத்தனை வேலை கிடக்க, சுவிட்சை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சாயங்காலம்வரை அப்படியே இருந்தாள். தம்பி இரண்டு முறை எழுந்து கூடையைத் திறந்தான், இரண்டு முறையும் "இருடா" என்றாள்.

கட்டிலுக்கு அடியில் மணல் கரகரத்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தம்பி எழுந்தான்.

"கூடையை வச்சிட்டுப் போ," என்றாள் அக்கா, மூக்கைத் துடைத்தபடி. "ஈரத்துணி போட ஆகும்."