பழனியம்மாளின் செடிமேல் தப்பில்லை

எங்கள் மலையின் சோளக்காட்டுச் சந்தையில் மிளகுக் கடை வைத்திருப்பவர் போனில் கூப்பிட்டு, "டீச்சர், நம்ம பழனியம்மா போயிட்டாங்க" என்றார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார். ஆம்புலன்ஸ் மலை இறங்கி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் அப்போது ஜன்னலோரத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. இனி அவர் என்னிடம் அதைக் கேட்கமாட்டார் என்ற நிம்மதி. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இந்த இதழைப் படிக்கும் வீட்டுச் செடிப் பிரியர்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வாசலூர்பட்டியில் படகு சவாரி முடித்துவிட்டுச் சோளக்காட்டில் காரை நிறுத்துவீர்களே, அங்கே அன்னாசிக்கும் மரவள்ளிக்கும் நடுவே கொட்டாங்குச்சிகளில் சிவப்பாக ஒரு குட்டிச் செடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான் பழனியம்மாள். பைல் நாடு என்ற மலைக்கிராமத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். கூவி விற்கத் தெரியாது. கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் தான் விற்கும் மிளகைப் புடைத்துக்கொண்டிருப்பார்.

நான் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வுபெற்று வாசலூர்பட்டிக்குக் குடிவந்த புதிதில், வீட்டுக்குள் இருந்த தொட்டிகளில் எல்லாம் ஈ. பழத்தில் மொய்க்கும் ஈ இல்லை. தொட்டி மண்ணிலிருந்தே கிளம்பும் கறுப்புக் குட்டி ஈ. காப்பி டம்ளரில் விழும், மூக்கில் ஏறும். மிளகுக் கடையில் நின்று இதைப் புலம்பிக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க டீச்சர், கடுகாட்டம் இருக்குமுங்களா? தொட்டியத் தட்டுனா குப்புன்னு கெளம்புமே, அதுங்களா?"

"அதேதான்."

"அப்ப இதக் கொண்டுபோயி அதுக்குப் பக்கத்துல வையுங்க. இது தின்னுக்கும்."

அழுகண்ணி. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியது. தரையோடு படிந்த சிவப்பு இலைகள், இலை முழுக்க ரோமம், ஒவ்வொரு ரோமத்தின் நுனியிலும் பிசின் துளி. உட்கார்ந்த ஈ எழுந்திருக்காது. அவர் மரவள்ளிக் காட்டை ஒட்டிய ஈரப் பாறையில் அது தானாக முளைப்பது. பாறையிலிருந்து பிடுங்கி வந்து விற்கமாட்டார். விதையை மட்டும் தட்டி எடுத்துவந்து மணலில் முளைக்கவைப்பார். "பாறையில இருக்கறது பாறைக்குங்க" என்பார். விற்கும்போது ஒவ்வொருவரிடமும் தவறாமல் ஒன்று சொல்வார்: "ஊத்துத்தண்ணி, இல்லாட்டி மழத்தண்ணி. ஒரம் மட்டும் காட்டவே கூடாதுங்க."

ஒருநாள் சேலத்துக்காரர் ஒருவர் காரை விட்டு இறங்கி, இருந்த அத்தனை செடியையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எதற்கு என்று கேட்டார் பழனியம்மாள். குரோட்டன்ஸில் மாவுப்பூச்சி என்றார் அவர். "அதுக்கு இது ஆவாதுங்க. பறக்கறதத்தான் புடிக்கும். மாவுப்பூச்சி ஒட்டிக்கிட்டே கெடக்கும், துணிய நனைச்சுத் தொடைச்சு எடுங்க" என்று சொல்லி வெறும் கையோடு அனுப்பிவிட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் அவரைக் கேலி செய்தார்கள். நானும்கூடச் சிரித்தேன்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் ஏமாற்றுக்காரி ஆக்கினேன்.

நடந்தது இதுதான். வாங்கி வந்த அழுகண்ணி இரண்டு வாரம் நன்றாக ஈ பிடித்தது. ஆனால் அது வளரவே இல்லை என்று எனக்குத் தோன்றியது. நோஞ்சானாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டேன். என் பஞ்சகவ்யத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நானே கரைத்து, நானே கலக்கி, எல்லாச் செடிக்கும் அமுதம் என்று இதே பக்கத்தில் எத்தனை முறை பெருமையடித்திருக்கிறேன்! அதைத் தண்ணீரில் கலந்து அழுகண்ணிக்கும் ஊற்றினேன். பழனியம்மாள் சொன்னது நினைவில் இருந்தது. மலைச் சந்தையில் மரவள்ளி விற்பவருக்கு உரத்தைப் பற்றி என்ன தெரியும் என்ற எண்ணமும் இருந்தது. இலை கறுத்து, பிசின் வற்றி, பத்து நாளில் செத்துப்போனது.

பூச்சி தின்னும் தாவரங்கள் ஏன் பூச்சி தின்கின்றன? மண்ணில் தழைச்சத்து இல்லாததால். இரண்டு மதிப்பெண் கேள்வி. வருஷா வருஷம் நானே கேட்டு, நானே திருத்தியது.

செடி செத்த எரிச்சலில் அந்த மாதம் இந்தப் பக்கத்தில் எழுதினேன்: "சந்தையில் ஈ தின்னும் செடி என்று விற்பதை வாங்கி ஏமாறாதீர்கள். நான் வாங்கிப் பார்த்தேன். செடி செத்துவிட்டது, ஈக்கள் சௌக்கியம்." நன்றாகச் சிரிக்கவைத்தது என்று பலர் எழுதினீர்கள். அவர் பெயரை நான் போடவில்லை. சோளக்காட்டில் அந்தச் செடியை விற்றவர் ஒரே ஒருவர்தான் என்பதால் போடத் தேவையே இருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் கொட்டாங்குச்சிகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் திருப்பி வைத்தார்கள். "டீச்சரே எழுதிட்டாங்களே" என்றார்களாம். அவர் வாங்கி வைத்துக்கொண்டாராம். அதோடு போகவில்லை. "மிளகுல பப்பாளி வெத கலந்திருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இதையெல்லாம் மிளகுக் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அந்த மாதம் முழுக்கச் சந்தைப் பக்கமே போகவில்லை.

பழனியம்மாள் என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். செத்த செடியைப் பார்க்கணும் என்றார். கொட்டாங்குச்சியைக் கையில் எடுத்து, ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தார். பஞ்சகவ்யத்தின் வாசனை மறைக்கக்கூடிய வாசனையா?

"இதுல என்ன ஊத்துனீங்க டீச்சர்?"

"தண்ணிதான்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்துவிட்டது என்று. மண்ணைத் திரும்ப அதிலேயே போட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"சரிங்க. அப்படின்னா உங்கூட்டுத் தண்ணி ஒத்துக்கிலைன்னு எழுதிப் போடுங்க. தண்ணி மேலயே போட்டுடுங்க, பரவால்ல. செடி மேல தப்பில்லைன்னு மட்டும் வந்தாப் போதும்."

தப்பித்துக்கொள்ள எனக்கு அவரே வழி செய்து கொடுத்தார். எழுதுகிறேன் என்று சொன்னேன்.

மறுவாரம் ஒரு தட்டு நிறைய அழுகண்ணியும் ஒரு கேன் ஊற்றுத் தண்ணீரும் கொண்டுவந்து என் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். ஒரு மாதத்தில் ஒவ்வொரு இலையிலும் கறுப்புப் புள்ளிகளாக ஈக்கள் ஒட்டியிருந்தன. வீட்டில் ஈ இல்லை. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? அந்த மாதம் ரோஜாவைக் கவாத்து செய்வது பற்றி எழுதினேன். அதற்கடுத்த மாதம் துளசி. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று ஒன்றரை வருஷம் ஓட்டினேன். அரைப் பத்தி எழுதினால் போதும். உயிரியல் டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள் என்ற பயம். சந்தையில் பார்க்கும்போது அவர் "எழுதிட்டீங்களாங்க?" என்று மெதுவாகக் கேட்பார். இன்னும் இல்லை என்றால் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். சந்தைக்கு அழுகண்ணி கொண்டுவருவதை அவர் எப்போதோ நிறுத்தியிருந்தார்.

ஒருமுறை நான் பின்னால் நிற்பது தெரியாமல் ஒரு பெண் அவரைச் சீண்டினார். "உங்க செடியப் பத்தி டீச்சர் கிழிகிழின்னு கிழிச்சிருந்தாங்களே?" பழனியம்மாள், "டீச்சரு மேல குத்தமில்லீங்க. அவுங்கூட்டுத் தண்ணி உப்புத்தண்ணி, அவுங்க என்ன பண்ணுவாங்க" என்றார். நான் மிளகு வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

துக்கத்துக்குப் போயிருந்தேன். அவர் மகள் சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சொன்ன பொய் அவளுக்குத் தெரியாது.

"மாசாமாசம் புக்கு வந்ததும் என்னைப் படிச்சுக் காட்டச் சொல்லுவாங்க டீச்சர். 'டீச்சர் எழுதியிருக்காங்களா பாரு கண்ணு'ம்பாங்க. இல்லீம்மான்னா, 'அவுங்களுக்கு ஆயிரம் வேலை, அடுத்த மாசம் போடுவாங்க'ம்பாங்க. போன வாரங்கூடக் கேட்டாங்க. என்ன எழுதறேன்னு சொல்லியிருந்தீங்க டீச்சர்?"

கையை விடுவித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். என் நல்ல பெயர்தான். அவருடைய பெயரை நான் கெடுத்தேன். அவர் என் பெயரைக் கடைசிவரை காப்பாற்றினார். அதை இனி வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

ஆகவே எல்லோரும் கேளுங்கள். பழனியம்மாள் விற்ற அழுகண்ணி ஈயைத் தின்றது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. நான் உரம் ஊற்றிச் செடியைக் கொன்றேன், அவர் கேட்டபோது பொய் சொன்னேன். தண்ணீர்மேல் தப்பில்லை, செடிமேல் தப்பில்லை.

சுமதி, இதை அம்மா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படி, கண்ணு. டீச்சர் எழுதியிருக்காங்கன்னு சொல்லு.