கவிழ்த்து வைத்த சைக்கிள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் போரால் மின்சாரமும் இல்லை, றேடியோவுக்குப் போடப் பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினால், டைனமோ தரும் மின்சாரத்தில் றேடியோ பாடும். அளவெட்டியில் எங்கள் வீட்டில் அதைச் சுற்றுபவன் என் ஒரே மகன் ரவி. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தும் பல்கலைக்கழக இடம் கிடைக்கவில்லை. வேலையும் இல்லாமல் மூன்று வருடம் வீட்டில் இருந்தான்.

ஒரு மாலை செய்தி கேட்க அயலவர்கள் வந்திருந்தார்கள்.

"தம்பி இப்ப என்ன செய்யிறார், மாஸ்ரர்?" என்று ஒருவர் கேட்டார்.

"பாக்கிறியள்தானே! உதுதான் அவரின்ர உத்தியோகம். சம்பளம் மூண்டு நேரச் சோறு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ரவியின் கை நிற்கவில்லை. செய்தி முடியும்வரை சுற்றிவிட்டு, "வடிவாக் கேட்டதோ, அப்பா?" என்றான்.

"ஓம்" என்றேன். நான் அவனுடன் கடைசியாகப் பேசிய சொல் அதுதான்.

மறுநாள் காலையில் அவன் இல்லை. தேடாத இடமில்லை, இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. சைக்கிளை அவன் எடுத்துப் போகவில்லை. நான் செய்தி கேட்பதற்கு வசதியாக, கவிழ்த்தபடியே விட்டுப் போயிருந்தான்.

வேலையில்லாத பிள்ளைகளிடம் "என்ன செய்கிறாய்?" என்று நான் இப்போது கேட்பதில்லை. வேறு யாராவது என் முன்னால் கேட்டால், அந்தப் பிள்ளை தலை குனியும் முன் பேச்சை மாற்றிவிடுகிறேன்.