பக்கத்து இருக்கையின் பிரேக்

சின்னவளுக்கு வயது இருபத்திரண்டு. வேலை முடிந்து திரும்பும்போது அந்த முகத்தைப் பார்க்கிறவர்கள் தாராளமாக இன்னும் பத்து கூட்டிச் சொல்வார்கள். பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர் வேலை. காலையிலிருந்து மாலை வரை ஊரார் வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மருத்துவருக்கு உட்கார நாற்காலி உண்டு, வருகிறவர்களுக்குப் படுக்கவே நாற்காலி உண்டு, இவளுக்கு இரண்டு கால் மட்டும் உண்டு. வீட்டுக்கு வந்தால் ஒருவரும் வாயைத் திறக்காமல் இருந்தாலே புண்ணியம் என்றிருக்கும். ஆனால் வாய்த்ததோ, வாய் மூடாத குடும்பம்.

இப்போதைய பேச்செல்லாம் இரண்டாவது காரைப் பற்றித்தான். வீட்டில் இரண்டு கார் என்றால் கேட்கிறவர்களுக்குப் பெரிய இடம் போலத் தோன்றும். முதலாவது, சின்னவள் வேலைக்குப் போக மாதத் தவணையில் வாங்கிய பழைய சின்னக் கார். இரண்டாவது, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் நிற்கிற அப்பாவின் நீளமான சாம்பல் நிறக் கார். வயதில் அது சின்னவளுக்கு அக்கா முறை. அது ஓடுவதைவிட நிற்பதே அதிகம். நிற்கிற காருக்கும் இன்சூரன்ஸ் கேட்பார்கள் என்பதுதான் உலக நியாயம்.

அப்பா முப்பது வருடம் சரக்கு லாரி ஓட்டியவர். மலைப்பாதை, மழை, பனிமூட்டம் எதிலும் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை; அதைத் தினம் ஒரு தரமாவது சொல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. போன வருடம் இன்சூரன்ஸைப் புதுப்பித்தபோது ஓட்டுநர் என்று அவர் பெயர்தான் இருந்தது. சின்னவள் பெயரை ஒப்புக்குச் சேர்த்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் கண் டாக்டர் குண்டைத் தூக்கிப் போட்டார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வையை ஓரத்திலிருந்து கரையான் மாதிரி அரித்துக்கொண்டு வந்திருக்கிறது. நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது. இனிமேல் வண்டியைத் தொடக் கூடாது என்றார். அப்பா வீட்டுக்கு வந்து காரைக் கழுவித் துடைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து பேட்டரி செத்துப்போகாமலிருக்க ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னவள் அந்தக் காரை எடுத்து, ஊர்க்கோடி வரை போய்த் திரும்புவாள். வாரத்தில் அவளுக்குக் கிடைக்கிற ஒரே விடுமுறை அதுதான். அப்பா பக்கத்து இருக்கையில் உட்காருவார். உட்கார்ந்தபடியே ஓட்டவும் செய்வார். முன்னால் ஒரு சைக்கிள் வந்தால் போதும், அவருடைய வலது கால், இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிக்கும். மிதித்து மிதித்து அந்த இடத்துத் தரைவிரிப்பில் ஓட்டையே விழுந்துவிட்டது.

"ஓட்டுறது நான்தான். நீ சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சிக்க" என்பார்.

"சரிப்பா" என்பாள் சின்னவள். வாரமெல்லாம் நின்று வந்த கழுத்து வலியை வைத்துக்கொண்டு அவரோடு சண்டை போடத் தெம்பு வேண்டும்.

உள்ளதைச் சொன்னால், அந்தக் காரை விற்றுத் தொலைத்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை தூங்கலாம் என்பதுதான் அவளுடைய ஆசை. தூரதேசத்தில் இருக்கிற அக்காவும் போனில் அதையேதான் சொன்னாள். சொல்வது அவளுக்குச் சுலபம், சாவியை அப்பாவின் பையிலிருந்து எடுக்க வேண்டியது சின்னவள்தானே.

இன்சூரன்ஸைப் புதுப்பிக்கிற நாள் நெருங்கியது. கம்பெனிக்குப் போன் போட அரைநாள் விடுப்பெடுத்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள் சின்னவள். அம்மா ஊர்க்காரர்களின் பேன்ட்டுகளை அளவு குறைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அப்பா ஜன்னலோரம் பேப்பர் படிக்கிற பாவனையில் இருந்தார். கூப்பிடாமலே வந்து சேர்ந்திருந்தார் சித்தப்பா. அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது, அவர் உருப்படியாக முடித்த விஷயமும் கிடையாது. எல்லோருக்கும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

கம்பெனிப் பெண்ணின் குரலில் தேன் ஒழுகியது. "யார் பேர்ல மேடம் போடணும்?"

"என் பேர்ல. நான்தான் ஓட்டுவேன்."

"உங்க வயசு?"

"இருபத்திரண்டு."

"ஓ" என்றது குரல். அந்த ஒரு எழுத்திலேயே விலை ஏறிவிட்டது என்று சின்னவளுக்குப் புரிந்தது.

"எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?"

"வாரத்துல ஒரு தரம், ஊர்க்கோடி வரைக்கும். அவ்வளவுதாங்க. மத்த நாள்ல கொட்டகையிலதான் நிக்கும்."

கணினியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் ஒரு தொகையைச் சொன்னாள். காரை விற்றால் வருகிற பணத்தில் பாதி அதிலேயே போய்விடும். அம்மாவின் தையல் மெஷின் நின்றது.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!" என்றார் சித்தப்பா.

"சின்ன வயசு டிரைவர், ரெண்டாவது வண்டி, அதனாலதான் மேடம். வீட்டுல அனுபவமுள்ளவங்க யாராவது அதிகமா ஓட்டுறதா இருந்தா நிறையக் குறையும். போன தடவை உங்கப்பா பேர்ல இருந்திருக்கே, அவர் பேர்ல ஒரு விபத்துகூட இல்லையே. இப்பவும் அவர்தானே ஓட்டுறார்?"

சித்தப்பா குனிந்து அவள் காதைக் கடித்தார். "ஆமான்னு சொல்லும்மா. ஊரே அப்படித்தான் செய்யுது. எவன் வந்து பாக்கப் போறான்?"

சின்னவளுக்கு அது பொய்யென்றும் தெரியும், நாளைக்கு ஏதாவது மோதிவிட்டால் கம்பெனி கையை விரித்துவிடும் என்றும் தெரியும். ஆனால் கால் வலித்தது, கழுத்து வலித்தது, இந்த மேசையை விட்டு எழுந்தால் போதும் என்றிருந்தது. பேராசையால் பொய் சொல்கிறவர்களைப் பற்றித்தான் ஊர் பேசும், அலுப்பினால் சொல்கிறவர்களே உண்மையில் அதிகம்.

"ஆமா. அப்பாதான் ஓட்டுறார்" என்றாள்.

"அப்ப வண்டிக்குச் சொந்தக்காரர் அவர்தானே, அவர் வாயால ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க மேடம். பதிவு பண்ணிக்கணும்."

போன் ஜன்னல் பக்கம் போனது. சித்தப்பா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இத்தனை மாதமாக ஓட்டுவது நான்தான் என்று சொல்லித் திரிந்த மனிதர், அதையே போனில் ஒரு தரம் சொல்ல மாட்டாரா என்ன?

"சார், இந்த வண்டியை நீங்கதானே ஓட்டுறீங்க?"

அப்பா பேப்பரை மடித்தார். மடித்ததை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"இல்லம்மா" என்றார். "பக்கத்துல வர்றது எனக்குக் கண்ணுக்குத் தெரியாது. ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பொண்ணுதான் ஓட்டுறா. நல்லாவே ஓட்டுறா. நான் சும்மா கூட உக்காந்திருப்பேன்."

தேன் குரல் தடுமாறிவிட்டு, "உங்க பேரைக் கூடுதல் டிரைவராவாவது வச்சிக்கலாமா சார்?" என்று கேட்டது.

"வேண்டாம்மா. எடுத்துடுங்க."

போனை அவளிடம் நீட்டினார். "நாளைக்கு ஒண்ணுன்னா கோர்ட்டு வாசல்ல நிக்கப் போறது நீ. வண்டியை வித்துடலாம், அந்தப் பொண்ணுகிட்ட வேண்டாம்னு சொல்லிடு" என்றார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

இத்தனை மாதம் அவள் ஏங்கிக் கிடந்த வார்த்தை அதுதான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று துள்ளியிருக்க வேண்டும். அவளுக்கு அழுகை வந்தது. போனை வாங்கி, "மேடம், நீங்க முதல்ல சொன்ன தொகைக்கே போட்டுடுங்க. என் பேர்ல. தவணையா கட்டலாமா?" என்று கேட்டாள்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றார் சித்தப்பா. அம்மா மெஷினை மறுபடி ஓட்டத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தூக்கம் தீராத கண்ணோடு சின்னவள் கொட்டகைக் கதவைத் திறந்தாள். அப்பா வழக்கம்போலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஊர்க்கோடிக்குக் கிளம்பினார்கள். எதிரே சைக்கிள் வந்தது, நாய் ஒன்று குறுக்கே ஓடியது, ஒரு பேருந்து உரசுகிற மாதிரி கடந்து போனது. திரும்பி வரும்போது சிக்னலில் ஒரு வேன் நின்றிருந்தது. அவள் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்து, அப்பாவின் காலைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே, பிரேக்கை அழுத்தினாள். கார் குலுங்கி நின்றது.

அந்தக் கால் அசையவே இல்லை. தரைவிரிப்பின் ஓட்டைக்குப் பக்கத்தில், செருப்போடு சாதுவாக இருந்தது.

"ஏம்ப்பா, பிரேக் போடலையா?" என்று கேட்டாள்.

"நீதானேம்மா ஓட்டுற" என்றார் அப்பா.