அன்புச்செல்வி ஆள் சேர்க்கிறாள்

“ரெண்டு எடுத்துக்கோ மச்சி. சொம்மா எடு, அப்பறம் பேசலாம்” என்று டிபன் பாக்ஸை நீட்டுகிறாள் அன்புச்செல்வி. உள்ளே வறுத்த நெத்திலி. கல்லூரி விட்டு, கஸ்தூரிபா நகரில் பறக்கும் ரயில் ஏறியதும் அவள் பார்க்கும் முதல் வேலை இதுதான். எதிரே இருப்பவள் கூடப் படிக்கும் பெண். நெத்திலி வாய்க்குள் போன பிறகு பேச்சு மெல்லப் பாடத்துக்கு வரும்.

சிவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். பொறியியல் பாடம் ஒன்றுக்குப் பதிலாக, பொறியியல் அல்லாத பாடம் ஒன்றை விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவள் கல்லூரியில் உள்ள ஏற்பாடு. அவள் ஆசைப்படுவது ‘நகரமும் மக்களும்’ என்ற பாடம். இருபது பேராவது பெயர் கொடுத்தால்தான் வகுப்பு நடக்கும். இதுவரை ஒரு தடவையும் ஆள் சேரவில்லை. அடுத்த செமஸ்டர் முழுக்க புராஜெக்ட் என்பதால், இந்தத் தடவை விட்டால் விட்டதுதான்.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அவள் அம்மா சொர்ணம், “படிக்கப் போறியா, கடை போடப் போறியா?” என்று கேட்டுக்கொண்டேதான் வறுத்துக் கொடுக்கிறாள். தின்றவர்கள் எல்லாம் பெயர் கொடுத்திருந்தால் மூன்று வகுப்பு நடத்தியிருக்கலாம். நம் பிள்ளைகள் விவரமானவர்கள். விரலைத் துடைத்துக்கொண்டு, “இன்டர்வியூல இத்த கேப்பாங்களா?” என்பார்கள். “பக்கம் பக்கமா எழுதணுமாமே, யாரால ஆவும்?” என்பார்கள். அவளுக்குக் கோபம் வராது. வேலை விட்டு தினமும் அதே பெண்கள் பெட்டியில் வரும் எனக்குத்தான் வரும்.

கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் ஒதுங்குகிறாளோ என்று நானும் முதலில் நினைத்தேன். விசாரித்தால், கட்டமைப்புப் பாடத்தில் வகுப்பிலேயே அவள்தான் முதல். ரயிலில் போகும்போதே ஜன்னல் வழியாகத் தெரியும் புதுக் கட்டடங்களுக்கு எத்தனை கம்பி போகும் என்று சொல்லி வம்பு வளர்ப்பாள். கோட்டூர்புரம் தாண்டி வண்டி அடையாற்றின் மேல் ஏறும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். கரையில் வெறுமையாகக் கிடக்கும் ஓர் இடத்தை, அது மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள்.

அங்கேதான் அவள் சித்தி சரோஜாதேவியின் வீடு இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவளுக்குச் சோறு அங்கேதான். வீடுகளை எடுத்துவிட்டு, எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் குடிவைத்தார்கள். விடியலில் மீன் எடுக்க வர சித்திக்குப் பஸ் கிடையாது. வியாபாரம் போயிற்று, அக்கம்பக்கம் போயிற்று.

“பில்டிங்கு நல்லாத்தான் கீதுக்கா” என்றாள் ஒருநாள் என்னிடம். “தூணு பாத்தேன், பீமு பாத்தேன், ஒரு தப்பும் இல்ல. சித்தி உள்ள குந்திகினு அழுவுது. அது எந்தப் பேப்பர்ல வரும்? நாளைக்கு நானும் அந்த மாரி ஒண்ணு கட்டத்தானே போறேன்?” டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, “சித்தி கையால சோறு துன்னணும் போல கீதுக்கா” என்றாள்.

நேற்று கடைசி நாள். மாலை ஆறு மணிக்குப் பெயர் பதிவை மூடிவிடுவார்கள். ரயில் ஏறும்போது இருபதுக்கு இன்னும் நாலு பேர் குறைவு. பக்கத்தில் அவளுடைய உயிர்த்தோழி நிஷா, செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நான் மத்தியானமே கான்கிரீட் பேப்பருக்கு மாறிட்டேன் மச்சி. கோச்சிக்காத. இன்னும் ரெண்டு சீட் கீது, நீயும் மாறிடு. இல்லாட்டி மிச்சம் மீதி எதுனா தலைல கட்டிடுவாங்கோ.”

நிஷா அன்புச்செல்வியின் போனையே வாங்கி, மாற்ற வேண்டிய பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தாள். ஒரு தடவை தொட்டால் போதும். பசுமைவழிச் சாலை நிலையம் வரை அன்புச்செல்வி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாறிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மாறிவிடக் கூடாதே என்றும் இருந்தது.

அவள் இறங்கவேண்டிய மந்தைவெளி வந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். எல்லோரும் படிக்கட்டுப் பக்கம் போக, அவள் மட்டும் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கல்லூரிப் பையன்கள் வாசலில் நின்றிருந்த முன் பெட்டியை நோக்கி ஓடி, மறுபடியும் ரயிலில் ஏறினாள்.